பென்சிலில் எழுதாத கட்டம்

அமெரிக்காவில் எந்த அநியாயம் நடந்தாலும் எங்கள் தெருவில் முதல் திட்டு டீக்கடை ஊலேவுக்குத்தான். ஊலே என்றால் பர்மியில் மாமா மாதிரி ஒரு மரியாதைச் சொல். மனிதர் ரங்கூனைத் தாண்டி எங்கும் போனதில்லை. காலையில் அவர் டீ டம்ளரை மேசையில் வைப்பதற்குள் அக்கா பர்மியில் ஆரம்பித்துவிடுவார். அந்த நாட்டில் பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க நாடு முழுக்கச் செல்லும் ஒரு சட்டம்கூட இல்லையாமே, இது என்ன நியாயம் என்று கேட்பார். ஊலே தானே அந்தச் சட்டத்தைப் போடாமல் விட்டவர் போலத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

தெருவில் எல்லாரும் அக்காவை அமெரிக்காக்கா என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராக அக்கா, முதுகுக்குப் பின்னால் அமெரிக்காக்கா. அவருக்கும் அது தெரியும். தெரிந்தும் கண்டுகொள்ள மாட்டார்.

ரங்கூன் பபேடான் பேட்டையில் நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்குதான் அவருடைய கடை. ஒரு பழைய பர்மிய டைப்ரைட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மின்சாரம் போனால் உயிர் கொடுக்க ஒரு பேட்டரி, ஒரு முக்காலி. பாஸ்போர்ட், வீட்டுப் பதிவு, பிறப்பு, இறப்பு, அமெரிக்க விசாக் குலுக்கல், வெளிநாட்டுக் கல்லூரி, எந்தப் பாரமாக இருந்தாலும் நிரப்பிக் கொடுப்பார். முதலில் பென்சிலில் எழுதுவார். உரியவரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் பேனா. ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட மாட்டார். பொருந்தாத கட்டத்தில் குறுக்கே கோடாவது போடுவார். காலியாக விட்டால் அதில் எவன் என்ன எழுதுவான் என்று யாருக்குத் தெரியும் என்பார்.

ராணுவ ஆட்சிக்குப் பயந்து ஊரை விட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஓடத் தொடங்கிய வருடங்களில் அவர் கடை வாசலில் எப்போதும் கூட்டம். அப்படித்தான் ஒரு நாள் அத்தர் கடை முஸ்லிம் வீட்டுப் பெண் ஒருத்தி அமெரிக்கக் கல்லூரிப் பாரத்தோடு வந்தாள். அதில் இனம் என்ன என்று கேட்டு வரிசையாகக் கட்டங்கள். வெள்ளை, கறுப்பு, ஆசியர், இன்னும் என்னென்னவோ. அந்தப் பெண் குழம்பிப்போய், நாம இதுல எது என்று கேட்டாள். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இனி அரைமணி நேரம் வேலை நடக்காது என்று எனக்குத் தெரியும்.

“இங்க நம்ம லூம்யோ என்னன்னு ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவன் எழுதுவான். அங்க நாமளே டிக் பண்ணிக்கணும். அவ்வளவுதாம்மா ரெண்டு ஊருக்கும் வித்தியாசம்” என்றார்.

லூம்யோ என்றால் இனம். எங்கள் அடையாள அட்டையில் பெயருக்குக் கீழே அதற்கு ஒரு கட்டம் உண்டு, மதத்துக்கு ஒன்று. பள்ளிக்கூடம், வேலை, ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் கவுண்டரில் இருப்பவர் முதலில் அந்த இரண்டு கட்டங்களைத்தான் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் நம் முகத்தைப் பார்ப்பார்.

அமெரிக்க விவரம் எல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்றால், வாலிபத்தில் ஒரு வெளிநாட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்து படித்தாராம். பிறகு பன்சொடான் தெரு நடைபாதையில் பழைய பத்திரிகைகளை எடைக்கு வாங்கிப் படித்தார். இப்போது போன். படித்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. வெள்ளைக்காரப் பெண்கள் வோட்டு கேட்டு ஊர்வலம் போனபோது கறுப்புப் பெண்களைக் கடைசியில் நடந்து வரச் சொன்ன கதையை எனக்கு மட்டும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். சட்டத்தில் வோட்டு வந்த பிறகும் தெற்குப் பக்கம் அவர்களை எழுதிக் காட்டு, படித்துக் காட்டு, வரி கட்டு என்று எத்தனையோ வருடம் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்களாம். அவ்வளவு பணக்கார நாட்டில், அதே ஆஸ்பத்திரியில், வெள்ளைக்காரியைவிடக் கறுப்புப் பெண்தான் பிரசவத்தில் அதிகம் சாகிறாள் என்று சொல்லும்போது நிஜமாகவே கண் கலங்கும். ஏம்மா, வலிக்குதுன்னு அவ சொன்னா டாக்டர் காதுல விழாதா என்று என்னைக் கேட்பார். என் கையில் எவர்சில்வர் தூக்கு இருக்கும்.

எனக்கு அவரைப் பிடிக்கும். எரிச்சலும் வரும். பக்கத்துத் தெருவில் புருஷன் அடித்து மண்டை உடைந்தவளுக்கு ஒரு வார்த்தை பேசாதவர், எங்கோ ஒரு மாகாணத்துப் பெண் உறுப்பினரைச் சபையில் பேசவிடாமல் மைக்கை அணைத்ததற்கு அன்று முழுவதும் சாப்பிட மாட்டார். சின்னப் பையன்கள் எங்களைப் பார்த்துக் கலாமா என்று கத்திவிட்டு ஓடுவார்கள். கறுத்த இந்தியப் பெண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. நான் செருப்பைக் கழற்றுவேன். அக்கா காதில் விழாதது போல நடப்பார்.

தினமும் கோயிலுக்கு வருவார். நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொள்வார். வாசல் தாண்டி வெளியே வரும்போது மேல்துண்டால் துடைத்துவிடுவார். கன்னத்தில் பர்மியப் பெண்கள் பூசும் தனக்காப் பட்டைப் பூச்சு மட்டும் மிச்சம் இருக்கும். வியர்வைக்குக் குங்குமம் வழியும் என்று துடைக்கிறார் போல என்று நான் நினைத்தேன். பதினைந்து வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை அவர் வாய் அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். மழைநாள், ஆள் வரவில்லை. அமெரிக்காவில் கொஞ்சம் வெளுத்த நிறத்தில் பிறந்த கறுப்பர்கள் சிலர் ஊரை விட்டுப் போய், வெள்ளைக்காரர் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தார்களாம். நல்ல வேலை கிடைக்கும், நல்ல தெருவில் வீடு கிடைக்கும். ஆனால் பெற்ற தாய் செத்தால்கூடப் போக முடியாது. இதைச் சொன்னவரே அக்காதான். பெற்றவளை இல்லை என்று சொல்லிப் பிழைக்கிறதும் ஒரு பிழைப்பா, அதற்கு நாண்டுகொண்டு சாகலாமே என்றேன் நான். அவரும் என்னோடு சேர்ந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அவங்களை மட்டும் விட்டுரு” என்றார். பிறகு டைப்ரைட்டர் பக்கம் திரும்பி, காகிதமே செருகாமல் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி என் கதையையும் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும்.

கோயிலுக்குப் பின்னால் கோயிலுக்குச் சொந்தமான ஏழு அறைகள் ஒரே வரிசையில் இருந்தன. அதில் நான்காவது எங்களுடையது. என் மாமனார் காலத்திலிருந்து குடியிருக்கிறோம். என் புருஷன் போன பிறகு நானும் மகளும் இருந்தோம். அந்த வரிசையை ஒரு கட்டடக்காரரிடம் கொடுத்து மாடி எழுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வருடக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. கோயிலில் வாக்கு குடும்பத்துக்கு ஒன்று. அதைப் போடுவது அந்தக் குடும்பத்து ஆண். புருஷன் செத்தால் வாக்கு மகனுக்கு. மகன் இல்லாவிட்டால் கொழுந்தனுக்கு. என் வீட்டு வாக்கு என் கொழுந்தனிடம் இருந்தது. அவன் கட்டடக்காரரோடு ஏற்கெனவே பிரியாணி சாப்பிட்டிருந்தான். அந்த வரிசையில் என்னைப் போலவே இன்னும் இரண்டு விதவைகள். அவர்கள் வீட்டு வாக்குகளும் அந்தப் பக்கம்தான். அன்னதானத்துக்கு அரிசி களைவது நாங்கள், திருவிழாவுக்குத் தெருத்தெருவாக நன்கொடை வாங்குவது நாங்கள். நாங்கள் படுத்துத் தூங்கும் அறையை இடிக்கலாமா என்று கையைத் தூக்குவது மட்டும் அவர்கள்.

அக்காவிடம் போய் அழுதேன். அவர் அழவிடவில்லை. மனு போடு என்றார். விதவை குடும்பத்தை நடத்தினால் வாக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், இந்த வருடக் கூட்டத்திலேயே இதை முதலில் எடுக்க வேண்டும் என்று பர்மியில் ஒன்று, தமிழில் ஒன்று எழுதினார். நான்கு நாள் எழுதினார். பென்சிலில் எழுதி, அழித்து, திரும்ப எழுதி. அப்படி ஒரு மனுவை நான் பார்த்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஒரு கெஞ்சல் கிடையாது. படித்து முடித்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

பட்டியலில் உள்ள குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் மனுவை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கோயில் விதி. கூட்டம் கூடவே அனுமதி வாங்கும் காலம் என்பதால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் அடையாள அட்டையின் நகல் வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். நாங்கள் விதவைகள் மூன்று பேர், முறுக்குக்கடை அம்மா ஒருவர். ஐந்தாவது ஆளுக்குப் பூக்கட்டும் அம்மாவைக் கேட்கட்டுமா என்றேன்.

“எதுக்கு? அஞ்சாவது நான் இருக்கேன்ல” என்றார்.

அவர் அப்பா பெயரிலும் குடும்பம் பட்டியலில் இருந்தது. வாக்கு தம்பியிடம். தம்பி மௌல்மீனில் இருந்தார், வருடத்துக்கு ஒரு தடவை கை தூக்க மட்டும் ரங்கூனுக்கு வருவார். எங்கள் நாலு பேர் அட்டைகளையும் அக்கா தன் மெஷினிலேயே நகல் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. உங்களுடையது எங்கே அக்கா என்று கேட்டேன். மெஷினையே வைத்திருக்கிறவளிடம் நகல் கேட்கிறாயா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மறுபடி ஒரு நாள் கேட்டேன். மின்சாரம் இல்லை என்றார். மூன்றாவது தடவை கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்கள் மண்டபத்தில் நாற்காலியில். நாங்கள் தூணுக்குப் பின்னால் பாயில். அக்காவும் வந்திருந்தார். புது லொங்கி, தலையில் பூ, நெற்றியில் குங்குமம். செயலாளரிடம் மனுவைக் கொடுக்கும் முன் அவரிடம் நீட்டினேன். பேனாவைக் கையில் வாங்கினார். மூடியைத் திறந்தார். ஐந்தாவது வரிசையில் பெயர், கையெழுத்து, அட்டை எண், லூம்யோ, மதம் என்று ஐந்து கட்டங்கள். அவரே ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியை மாட்டி, பேனாவை மனுவின் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடி கடையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுந்து போனார்.

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

திரும்பி வரவில்லை. பூக்கட்டும் அம்மா தன்லியினில் மகள் வீட்டில் இருந்தார். போனில் சிக்னல் இல்லை. செயலாளர் மனுவை வாங்கிப் பார்த்து, நாலுதானே இருக்கிறது என்றார். எழுத்து ரொம்ப நன்றாக இருக்கிறது, யார் எழுதியது என்றும் கேட்டார். நான் சொல்லவில்லை. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் அறைகள் போயின. எங்கள் மூன்று வீட்டு வாக்கும் இந்தப் பக்கம் இருந்திருந்தால் கணக்கு வேறு. மழை தொடங்குவதற்குள் காலி செய்தோம்.

நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் வாடகைக்குப் போனேன். காலையில் ஒன்றரை மணி நேரம் பஸ், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். மகள் டியூஷனை நிறுத்தினாள், கொஞ்ச நாளில் படிப்பையும் நிறுத்தினாள். பாத்திரக் கடைக்கும் அந்த மாடிப்படிக்கும் நடுவில் ஆறு அடி. அந்த ஆறு அடிக்கு அந்தப் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா என்னைப் பார்ப்பது தெரியும். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் அமெரிக்காவில் அதிபர் தேர்தல், நின்றவர்களில் ஒருவர் பெண். முடிவு எங்களுக்கு மத்தியானம் தெரியத் தொடங்கியது. மின்சாரம் இல்லாத தெருவில் அக்காவின் போன் மட்டும் பேட்டரியில் கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தோற்கிறார் என்று ஆங்கிலம் தெரியாத எனக்கே குரலில் தெரிந்தது. அக்கா டீக்கடை ஊலேயிடம், இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒருத்தியைக்கூட அந்த நாற்காலியில உக்கார விடல என்று சொன்னது காதில் விழுந்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம். கையில் இருந்த அண்டாவைப் போட்டுவிட்டு ஆறு அடியையும் தாண்டிப் போய் நின்றேன்.

“அமெரிக்கா நாற்காலிக்கு அழறீங்களே. எனக்குப் படுக்க ஒரு அறை இருந்துச்சு. அதுக்கு ஒரு கையெழுத்துப் போட முடியல உங்களால” என்றேன்.

அக்கா போனை அணைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த அடையாள அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். ரோஸ் நிற அட்டை. எங்களில் பலருக்குக் கிடைக்காத நிறம் அது. முழுக் குடியுரிமைக்காரர்களுக்கு உரியது. அதில் இருந்த பர்மியப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. லூம்யோ என்ற இடத்தில் பமார், அதாவது பர்மியர், மதம் என்ற இடத்தில் பௌத்தம். போட்டோவில் இருபது வயது அக்கா, நெற்றி வெறுமையாக.

இருபது வயதில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட்டாம். புது அட்டைக்கான பாரங்களை அடிக்கும் வேலை. தம்பிக்கு வேறு நிற அட்டைதான் கிடைத்தது, அரைக் குடியுரிமை. ஒரு நாள் தன்னுடைய பாரம் தன் கைக்கே வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அந்த இரண்டு கட்டங்களிலும் பமார், பௌத்தம் என்று தானே டைப் அடித்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. நகல் கொடுத்திருந்தால் செயலாளர் பார்ப்பார், கூட்டத்துப் பேப்பரோடு அது அலுவலகத்துக்கும் போகும். பொய் எழுதியவள் என்று இருபுறமும் பிடிப்பார்கள்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் இரண்டு மடங்காயிற்று.

“முடியாதுன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா பூக்காரம்மாவைப் பிடிச்சிருப்பேனே அக்கா. எதுக்கு நான் இருக்கேன்னு சொன்னீங்க?”

“அன்னிக்குப் போட்டுருவேன்னுதாம்மா நினைச்சேன். நாலு நாள் எழுதறப்ப எல்லாம் போட்டுருவேன்னுதான் நினைச்சேன்” என்றார்.

நான் அண்டாவை எடுக்கத் திரும்பிவிட்டேன். பிறகு பேசிக்கொண்டோம், பேசாமல் இல்லை. டீ வாங்கிக் கொடுப்பார், குடிப்பேன். அமெரிக்கப் பேச்சை மட்டும் என் முன்னால் எடுக்க மாட்டார். அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எடுங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

அடுத்த மழையில் அக்கா போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து ஊலேவுக்குப் போன். தம்பி மௌல்மீனிலிருந்து கிளம்பினார், வழியில் பாதை அடைத்திருக்கிறது, வர முடியாது என்றார். கோயிலுக்கு ஓடினேன். செயலாளர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார், அதோடு சேர்த்துக் குத்தியிருந்த அட்டை நகலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இதில் பௌத்தம் என்று இருக்கிறதே அம்மா, அய்யரை அனுப்பினால் நாளைக்கு யாராவது வந்து கேட்பார்கள், காலம் சரியில்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஊலேதான் பிக்குகளுக்குச் சொல்லி, வண்டிக்கும் சொல்லி, எரிப்பதற்கு வேண்டிய எல்லாம் பார்த்தார். அக்காவிடம் அத்தனை திட்டு வாங்கிய மனிதர், கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓடினார்.

வார்டு ஆபீசில் இறப்புப் பாரம் வாங்க அக்காவின் அட்டையோடு நான் போனேன். பாரத்தை என்னிடமே நீட்டி, எழுதிக் கொண்டுவா என்றார் எழுத்தர். இந்தத் தெருவில் பாரம் எழுதத் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். என்னிடம் பென்சில் இல்லை. எழுத்தரின் பேனாவையே கேட்டு வாங்கினேன். பெயர்க் கட்டத்தில் அந்தப் பர்மியப் பெயரை அட்டையைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். வயது எழுதினேன். வேலை என்ற இடத்தில் டைப் அடிப்பவர் என்று எழுதினேன்.

அடுத்தது லூம்யோ.

தமிழ் என்று எழுத வேண்டும் என்றுதான் உள்ளே போனேன். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன். செத்தவளை இனி யார் என்ன செய்ய முடியும்? இதையாவது அவளுக்குச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். எழுத்தர் மேசையில் அட்டை கிடந்தது. பாரமும் அட்டையும் பொருந்தாவிட்டால் இறப்புச் சீட்டு தர மாட்டார். சீட்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் உடலைத் தர மாட்டார்கள். எழுதிக் கொடுத்தது யார் என்று அடியில் என் பெயருக்கும் என் அட்டை எண்ணுக்கும் கட்டம் இருந்தது. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். வெளியே வண்டி நின்றது.

பமார் என்று எழுதினேன். அதற்குக் கீழே பௌத்தம் என்று எழுதினேன்.

எழுத்தர் பாரத்தையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி முத்திரை குத்தினார்.